மைனஸ் பதினெட்டு

தம்மாம், இரண்டாம் தொழிற்பேட்டை,
கிடங்கு எண் நான்கு.
வெளியே நாற்பத்தோரு டிகிரி ராத்திரி,
உள்ளே மைனஸ் பதினெட்டு.
நடுவில் ஒரு கதவு, ஒரு கணினி, நான்.

ஜூலை ஒன்று, சனி,
நள்ளிரவு தாண்டி நாலு நிமிஷம்.
திரை சாம்பலானது.
உங்கள் உரிமம் முடிவடைந்தது,
தயவுசெய்து விற்பனைப் பிரிவை அணுகவும்.
எவ்வளவு மரியாதை!
உள்ளே பதினோரு டன் இறால்.
எத்தனை குளிரென்று இறாலுக்குத் தெரியும்,
சுவரில் பதித்த உணரிக்குத் தெரியும்,
எனக்கு மட்டும் சொல்லக் கூடாது.

விற்பனைப் பிரிவு துபாயில்.
திங்கள் காலை ஒன்பதுக்குத் திறக்கும்.

மீராசா கைத்தெர்மாமீட்டரோடு உள்ளே போய்ப் போய்
எண்ணைக் கத்தினார்.
நான் அட்டைப்பெட்டியில் எழுதினேன்.
கதவு திறந்து திறந்தே ரெண்டு டிகிரி போனது.
"இகாமா முடிஞ்ச ஆள் மாதிரி நிக்குது உன் கம்ப்யூட்டர்,
வேலை தெரியும், செய்யக் கூடாது" என்றார்
மீசையில் பனியோடு.

இந்த இலக்கணம் எனக்கும் பழக்கம்தான்.
என் பாஸ்போர்ட் நாலு வருஷம்
வேறொருவர் பெட்டகத்தில் கிடந்தது.
அவர் கெட்டவர் இல்லை.
கேட்டால் சிரிப்பார், உட்காரச் சொல்லி
சுலைமானி தருவார்.
சாவி மட்டும் தரமாட்டார்.

மூன்று மணிக்கு
மேஜைக்கடியில் கிடந்த பழைய டப்பாவில்
அந்த இன்னொன்றை ஏற்றினேன்.
காசு கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை,
வயிற்றைத் திறந்து காட்டியபடி வந்து நின்றது.
வரி வரியாக உள்ளே இறங்கினால்
யாரோ எழுதிவைத்த குறிப்பு:
'இது ஏன் ஓடுகிறதென்று எனக்கும் புரியவில்லை.
தொடாதீர்கள்.'
தனியாகச் சிரித்தேன்.
எந்தக் கம்பெனியும் எனக்கு
இப்படி ஓர் உண்மையைச் சொன்னதில்லை.

உணரியைச் செருகினேன்.
அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று இருபது டிகிரி என்றது.
சூரியனே பக்கத்தில் நிற்காது.

பிறகு பிடிபட்டது.
எங்கோ ஒருவர் தன் தக்காளிக் கூடாரத்துக்காக
எழுதியது அது.
பூஜ்யத்துக்குக் கீழேயும் ஓர் உலகம் உண்டென்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.
ஒரு வரி. அந்த வரியில் ஒரு சொல்.
மாற்றினேன்.

மைனஸ் பதினாறு.

உள்ளிருந்து மீராசா கத்தினார்:
"பதினாறு!"

திங்கள் மதியம் விற்பனைக்காரர் வந்தார்,
ஒரு பெட்டி பேரீச்சையும் பாதி விலைத் தள்ளுபடியும்.
மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார் மேனேஜர்.
"இறால் கெட்டால் நான் யாரைத் திட்டுவது,
அந்தத் தக்காளிக்காரனையா?"
என்னிடம் பதில் இல்லை.
தக்காளிக்காரருக்கு நான் அனுப்பிய கடிதம்
நாற்பது நாளாய் அப்படியே கிடந்தது.
நாற்பத்தோராம் நாள் ரெண்டே வரி:
'பிள்ளை பிறந்திருக்கிறது, தூக்கமில்லை.
உங்கள் வரியைச் சேர்த்துவிட்டேன்.'

பெயர்ப் பட்டியலில்
நூற்றுப் பதின்மூன்றாவதாக, சூசைமாணிக்கம்.
இந்த நாட்டில் என் பெயர் போட்ட
எல்லாக் காகிதத்திலும் கீழே ஒரு தேதி இருக்கும்.
இதில் இல்லை.
ரெண்டு தரம் தேடிப் பார்த்தேன்.

"கடைசியில் யாருப்பா ஜெயிப்பா?"
என்கிறார் மீராசா.
யாருக்குத் தெரியும்.
சுவரில் பெரிய திரை, புது உரிமம், பளபளப்பு.
மேஜைக்கடியில் டப்பா இன்னும் முனகுகிறது,
மேனேஜருக்குத் தெரியாது.
மூன்றாம் வருஷம் ஜூன் முப்பது ராத்திரி
இங்கே இருப்பது நானாக இருக்காது,
என் இகாமா அதற்கு முன்னே முடிகிறது.

டப்பாவின் மேல் டேப் ஒட்டி எழுதியிருக்கிறேன்,
தமிழில், உருதுவில், அரபியில்:
அணைக்காதீர்கள்.

அரபியில் பிழை இருக்கலாம்.
தெரிந்தவர் திருத்திக்கொள்ளட்டும்,
பேனாவையும் கட்டித்தான் தொங்கவிட்டிருக்கிறேன்.